பி. ரம்லி இல்லம் முதல் தோட்டத்துத் திடல் வரை: மாணவர்களோடு ஒரு திரை வரலாற்றுப் பயணம்



சிலிம் ரிவரிலிருந்து கோலாலம்பூர் செத்தாப்பாக்குக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். படிவம் 1, படிவம் 2 மாணவர்களோடு ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினோம். போன இடம் பி. ரம்லி நினைவகம். பஸ் நெடுஞ்சாலையைத் தொடுவதற்குள்ளேயே ஒரு மாணவி கேட்டுவிட்டாள்: "டீச்சர், தமிழ்ப் பாடத்துக்கு எதுக்கு பி. ரம்லி? எம்.ஜி.ஆர். மியூசியம் இருந்தா போகலாம்லா?"

நியாயமான கேள்விதான். அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன். கட்டுரையின் கடைசியில், உங்கள் வகுப்பில் அப்படியே செய்து பார்க்கக்கூடிய நான்கு நடவடிக்கைகளும் உண்டு. அவசரமாக இருப்பவர்கள் முதலில் அங்கே போகலாம். ஆனால் வரலாற்றைப் படித்துவிட்டுப் போனால், மாணவர் கேட்கும் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்லலாம்.

தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகம்

அருங்காட்சியகம் என்றால் நம் பிள்ளைகளுக்கு நினைவு வருவது கண்ணாடிப் பெட்டியும் 'தொடாதீர்' அறிவிப்பும்தான். சினிமா, தொலைக்காட்சி வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகங்களுக்கு அந்த முறை ஒத்துவருவதில்லை. படம் காட்டும் கருவி ஓடாமல் நின்றால் அது வெறும் இரும்பு. அதனால் இவ்வகை அருங்காட்சியகங்கள் பார்வையாளரைக் கைவைக்கச் சொல்கின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள ஆக்மி அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்டு 2021இல் மீண்டும் திறந்தது. அங்கே நுழையும்போதே கையில் ஒரு சிறு அட்டை வட்டு கொடுக்கிறார்கள். பிடித்த காட்சிப்பொருளின் அருகே அதை வைத்துத் தட்டினால், வீட்டுக்குப் போன பிறகும் அதைப் பற்றி இணையத்தில் பார்க்கலாம். மும்பையில் 2019 ஜனவரி 19இல் திறக்கப்பட்ட இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகத்தில், திரைப்படம் எப்படி உருவாகிறது என்பதைச் சிறுவர்கள் செய்து பார்த்துக் கற்கத் தனித் தளமே இருக்கிறது.

நமக்கு மெல்பர்னும் மும்பையும் எட்டாது. எட்டக்கூடிய இடத்தில் இருப்பது ஒரு வீடு. வீட்டில் பொத்தான் அழுத்த என்ன இருக்கும்? கேள்வி கேட்கலாம். அதனால் ஒரு பயிற்சித்தாளோடு போனோம். அதில் இருந்தது ஒரே வேலை: 'கண்ணில் படும் ஒவ்வொரு படத்தின் பெயரையும் எழுது. அதை இயக்கியவர் யார் என்று கண்டுபிடி.'

ஒரு கலைஞரின் வீடு

பி. ரம்லி 1929 மார்ச் 22இல் பினாங்கில் பிறந்தவர். நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர் எல்லாம் ஒருவரே. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய மலாய் படநிறுவனத்தில் வளர்ந்தார். 1964இல் கோலாலம்பூருக்கு வந்து, உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் வேலை செய்தார். செத்தாப்பாக்கில் குடியிருந்தபோதுதான் 1973 மே 29இல் காலமானார். அவர் குடியிருந்த அந்த வீடே 1986இல் நினைவகமாகத் திறக்கப்பட்டது. தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

மாணவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சின்ன இடம். "இவ்ளோ பெரிய ஆளு இவ்ளோ சின்ன வீட்டுலயா இருந்தாரு?" என்று ஒரு பையன் சத்தமாகவே கேட்டான். சாகும்போது அவரிடம் பெரிய வசதி இருக்கவில்லை, படங்கள் ஓடாத காலம் அது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டைப் பார்த்த விதமே வேறு.

பெயர்களைத் தேடினோம்

பயிற்சித்தாள் நிரம்ப ஆரம்பித்தது. நினைவகத்தில் கிடைக்காத பெயர்களைக் கைப்பேசியில் தேடச் சொன்னேன். அப்போதுதான் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரம்லி முதன்முதலில் நடித்த 'சிந்தா' (1948): இயக்கம் பி.எஸ். ராஜ்ஹான்ஸ். புக்கிட் மெர்தாஜாமில் ரம்லி பாடியதைக் கேட்டு, அவரைப் படத்துறைக்கு அழைத்ததும் இவர்தான். ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950): இயக்கம் எல். கிருஷ்ணன். 'ஜுவித்தா' (1951): எஸ். ராமநாதன். 'ஹூஜான் பானாஸ்' (1953): பி.என். ராவ். வண்ணப்படமாக வந்த 'ஹங் துவா' (1956): பணி மஜும்தார்.

"டீச்சர், எல்லாம் நம்ம ஆளுங்க பேரா இருக்கு!"

பஸ்ஸில் கேட்ட கேள்விக்கான முதல் பதில் இங்கே கிடைத்தது. 1930களின் முற்பகுதியில் எடுக்கப்பட்ட 'லைலா மஜ்னுன்' படத்தைத்தான் முதல் மலாய் மொழிக் கதைப்படம் என்று வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள். அதை இயக்கியவரும் ராஜ்ஹான்ஸ்தான். போருக்குப் பின் ஷா சகோதரர்கள் படத்தயாரிப்பை மறுபடி தொடங்கியபோது, பாட்டும் ஆட்டமும் கலந்த படங்களை எடுத்துப் பழகியவர்கள் தேவைப்பட்டார்கள். அந்த அனுபவம் இந்தியப் படத்துறையில் இருந்தது. இங்கே பங்சாவான் நாடகமேடையில் பாடி நடித்துத் தேர்ந்த மலாய்க் கலைஞர்கள் இருந்தார்கள். முதல் போட்டவர்கள் சீனர்கள். இயக்கியவர்கள் இந்தியர்கள். திரையில் தோன்றியவர்கள் மலாய்க்காரர்கள். பல்லினம் என்று நாம் பாடநூலில் சொல்லிக்கொடுப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, படங்களின் பெயர்கள். சிந்தா, பக்தி, ஜுவித்தா. மலாயில் 'சிந்தா' என்றால் காதல். நம்மிடம் அது 'சிந்தை'. 'பக்தி' மலாயில் தொண்டு, நன்றிக்கடன் என்ற பொருளில் வரும். 'ஜுவித்தா' அன்புக்குரியவளைக் குறிக்கும். நாம் 'ஜீவிதம்' என்கிறோம். மூன்றும் வடமொழிச் சொற்கள். தமிழுக்கும் மலாய்க்கும் தனித்தனி வழியில் வந்து, இரண்டு வீட்டிலும் வேறு வேறு பொருளோடு குடியேறியவை. சொல் பயணம் செய்யும், பொருள் மாறும் என்பதை விளக்க இந்த மூன்று சொற்கள் போதும்.

'நம்மவர்' என்று சொல்லும் முன்

மாணவர்களுடைய உற்சாகத்தைக் கெடுக்க மனமில்லை. இருந்தாலும் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இந்தியப் பெயர் எல்லாம் தமிழ்ப் பெயர் அல்ல. பணி மஜும்தார் வங்காளி, கல்கத்தாவில் படம் எடுத்தவர். ராவ் கேரளத்தவர். ராஜ்ஹான்ஸ் வட இந்தியர். எல். கிருஷ்ணன் 1922இல் சென்னை மாகாணத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்கு வந்து வளர்ந்தவர். மற்றவர்களைப் போல ஒப்பந்தத்தில் வந்து போனவர் அல்லர். இந்த நாட்டிலேயே இருந்து, இந்த நாட்டுப் படத்துறையிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். 'நம்மவர்' என்று பெருமைப்பட அவர் ஒருவரே போதும். மற்றவர்களையும் வலிந்து தமிழராக்க வேண்டியதில்லை. வரலாற்றில் இல்லாத பெருமையைச் சேர்த்தால், இருக்கிற பெருமையையும் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. வெளியிலிருந்து வந்த இயக்குநர் பலருக்கு மலாய் சரளமாக வராது. கதையும் வசனமும் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் நடிகர்களைச் சென்றடைந்தன. எங்கள் கதையை நாங்களே சொல்லவேண்டும் என்ற எண்ணம் மலாய்க் கலைஞர்களிடம் வளர்ந்ததில் வியப்பில்லை. 1955இல் ரம்லி தானே இயக்கிய முதல் படம் 'பெனாரெக் பேச்சா' வந்தது. தமிழில் சொன்னால் 'ரிக்‌ஷாக்காரன்'. ("எம்.ஜி.ஆர். படம்!" என்று பஸ்ஸில் கேட்ட அதே மாணவி கத்தினாள். எம்.ஜி.ஆர். நடித்த 'ரிக்‌ஷாக்காரன்' 1971இல் வந்தது, கதையும் வேறு.) அதற்குப் பிறகு மலாய் இயக்குநர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு சமூகம் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கும் நேரத்தை மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நமக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது.

தோட்டத்துத் திடல்

திரும்பி வரும் வழியில் ஒரு மாணவன் கேட்டான்: "நம்ம தோட்டத்து ஆளுங்க எல்லாம் எங்க படம் பார்த்தாங்க டீச்சர்?"

இதற்கு எந்த அருங்காட்சியகத்தையும் நம்ப வேண்டாம். சிலிம், துரோலாக், பேராங் பக்கம் தோட்டங்களில் பிறந்து, இப்போது தாமான் வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்களைக் கேட்டாலே போதும். நான் கேட்டவரை சொல்கிறேன்.

தோட்டத்தில் படம் என்றால் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத்துணி கட்டுவார்கள். லயத்திலிருந்து பாயும் சாக்கும் எடுத்துக்கொண்டு, சாயங்காலமே போய் இடம் பிடிக்க வேண்டும். மறுநாள் விடியுமுன் பெரட்டு இருக்கும், பால்வெட்டு இருக்கும். யாரும் அதை நினைப்பதில்லை. கருவி ஒன்றுதான் என்பதால் ஒரு சுருள் முடிந்ததும் படம் நிற்கும். அடுத்த சுருள் மாட்டும்வரை கச்சான் விற்பவருக்கு நல்ல வியாபாரம். வேனில் கொண்டுவந்து காட்டிய படங்கள் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் சுருள்கள். ஒரு அடி நீளத்துக்கு 40 படங்கள். நொடிக்கு 24 படங்கள் ஓடும். 400 அடிச் சுருள் என்றால் சுமார் 11 நிமிடம், 1,600 அடிச் சுருள் என்றால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. (கணித ஆசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்த விரும்புவோர் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.)

முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ரொம்ப நாளா எம்.ஜி.ஆர். இடது கைக்காரர்னுதான் நெனப்பு. பட்டணத்துல கொட்டாயில பார்த்தப்பதான் வலது கையில கத்தி புடிச்சிருந்தாரு."

இந்தக் கதையில் வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: படத்தைக் காட்டியது யார், எதற்காக? திருவிழாவுக்குப் போட்ட படம் வேறு. தோட்ட நிர்வாகம் போட்ட படம் வேறு. அரசாங்க வேன் கொண்டுவந்த படம் வேறு. 1946இல் தொடங்கப்பட்ட மலாயன் ஃபிலிம் யூனிட் செய்திப்படங்களையும் விளக்கப்படங்களையும் எடுத்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தகவல் பிரிவின் வேன்கள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் போய் அவற்றைக் காட்டின. அரசாங்கம் சொல்ல நினைத்தது அதில் இருக்கும். மக்கள் வந்தது படம் பார்க்க. சொன்னதை எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு கேட்காமல் விட்டார்கள் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. அது பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இடதுகை எம்.ஜி.ஆரைப் பற்றிச் சொன்ன அந்தத் தாத்தா, வேன் வந்த இரவுகளைப் பற்றியும் பேசத் தொடங்கினார். நேரமாகிவிட்டது. "அடுத்த வாரம் வர்றேன் தாத்தா, பையன்களையும் கூட்டிட்டு வர்றேன், ரெக்கார்டு பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தேர்வு, தாள் திருத்தம், புறப்பாடம் என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. திரும்பிப் போனபோது அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். அவர் சொல்ல வந்தது என்ன என்று எனக்கு இனித் தெரியாது.

பெட்டி வந்தது

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கி வைத்தார். ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபம்தான் முதல் நிலையம். 1969இல் அங்காசாபுரிக்கு மாறினார்கள். வண்ண ஒளிபரப்பு 1978 டிசம்பர் 28இல் வந்தது. அந்தத் தேதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு இன்னொன்றையும் எழுதுங்கள்: பாரிஸில் லுமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு முதன்முதலில் பொதுமக்களுக்குப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28. மாணவர்கள் அந்தத் தேதியை மறக்கவேமாட்டார்கள்.

தோட்டத்துக்குப் பெட்டி வந்தது மெதுவாகத்தான். லயங்களில் மின்சாரம் இருந்தாலும் தோட்டத்து மோட்டார் ஓடும் நேரம்வரைதான். பெட்டி இருந்த ஒரு வீட்டுக்கோ மண்டபத்துக்கோ எல்லாரும் போவார்கள். தமிழ்ப்படம் போடும் நாளில் கதவு சன்னல் எல்லாம் தலைகள். திடலில் கூடிய கூட்டம் மண்டபத்துக்குச் சுருங்கியது. பிறகு வீட்டுக்குள் சுருங்கியது. இன்று ஆளுக்கொரு கைப்பேசி. தோட்டங்களும் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, மக்கள் பட்டணத்துக்கும் தாமான்களுக்கும் போனார்கள். திடல் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

அந்த இடப்பெயர்வைத் திரையில் சொன்ன படம் ஒன்று இருக்கிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்', 1990களின் தொடக்கத்தில் தோட்டத்தை இழந்து வந்த ஒரு குடும்பத்துச் சிறுவனின் கதை. 2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. வன்முறைக் காட்சிகள் உண்டு. முழுப்படத்தையும் போடாமல், நீங்கள் முதலில் பார்த்துப் பகுதி தேர்ந்தெடுங்கள். 1955இல் ரம்லி செய்ததை நம்மவர்களும் செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்பதை மாணவர்கள் தாங்களாகவே சொல்வார்கள்.

வகுப்பில் செய்து பார்க்க

1. சுழலும் எழுத்து. இது 1820களில் ஐரோப்பாவில் பரவிய ஒரு விளையாட்டு. வட்டமான அட்டையின் ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் கூண்டு. சுழற்றினால் பறவை கூண்டுக்குள் தெரியும். நாம் எழுத்தை வைத்துச் செய்யலாம். முன்பக்கம் நடுவில் 'க' எழுதுங்கள். அட்டையை மேலிருந்து கீழாகப் புரட்டி, மறுபக்கம் இடது ஓரத்தில் ஒற்றைக்கொம்பும் வலது ஓரத்தில் துணைக்காலும் எழுதுங்கள். இடமும் வலமும் ஓட்டை போட்டு நூல் கட்டி முறுக்கி இழுத்தால் 'கொ' தெரியும். அடிப்படைத் தமிழ் தெரியாமல் இடைநிலைப்பள்ளிக்கு வரும் மாணவர்கள்கூட இதை விரும்பிச் செய்கிறார்கள். தனித்தனிப் படங்கள் வேகமாக வந்தால் கண் சேர்த்துப் பார்க்கும் என்ற சினிமாவின் அடிப்படையும் புரிந்துவிடும்.

2. பெயர்த் தேடல். மேலே சொன்ன ஐந்து படங்களை இயக்குநர் பெயர் இல்லாமல் கொடுங்கள். இயக்குநர் யார், எந்த ஊர்க்காரர், தாய்மொழி எது என்று குழுவாகத் தேடட்டும். 'தமிழர்தான்' என்று எழுதினால் ஆதாரம் கேளுங்கள். நினைவகத்துக்குப் போக முடியாத பள்ளிகளும் இதைச் செய்யலாம்.

3. ஒரு பெரியவர், ஐந்து கேள்வி. முதன்முதலில் பார்த்த படம் எது? எங்கே, யாரோடு பார்த்தீர்கள்? யார் போட்டார்கள், காசு யார் கொடுத்தது? படம் பாதியில் நின்றதுண்டா, அப்போது என்ன செய்தீர்கள்? வீட்டில் முதல் தொலைக்காட்சி எப்போது வந்தது? முதலில் அனுமதி கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பிறகு பேசியதை அப்படியே பேச்சுவழக்கில் எழுத வேண்டும். அடுத்து அதையே எழுத்துவழக்குக்கு மாற்ற வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது போனது, எது மிஞ்சியது என்பது தெரியும். இலக்கணப் பாடமும் இதிலேயே முடிந்துவிடும்.

4. வகுப்பு மூலை. ஒரு மேசை போதும். பழைய படத்துண்டுச்சீட்டு, பாட்டுப்புத்தகம், வானொலிப் பெட்டி, குடும்பப் படம் எது கிடைத்தாலும் வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மாணவர் ஐந்து வரி விளக்கம் எழுத வேண்டும். மேசைமேல் ஒரே ஒரு அறிவிப்பு: 'தொட்டுப் பார்க்கலாம்'.

என் மாணவியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். தமிழ்ப் பாடத்துக்கு பி. ரம்லி எதற்கு என்றால், இந்த நாட்டுத் திரை வரலாற்றில் நாம் வெறும் பார்வையாளர்கள் அல்ல என்று தெரிந்துகொள்ளத்தான். பார்வையாளர்களாக இருந்த நம் பாட்டன் பாட்டிகளும் அந்த வரலாற்றின் பாதி. படம் எடுத்தவர்களின் பெயர் பட்டியலில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம். படம் பார்த்தவர்களின் நினைவுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

நான்கில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் மூன்றாவதைச் செய்யுங்கள். அதையும் இந்த மாதமே செய்யுங்கள். தேர்வு முடியட்டும் என்று என்னைப் போலத் தள்ளிப்போடாதீர்கள்.